நிறம் போன இடம்

குளியலறை கழுவிய மறுநாள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். கருநீல நைட்டியின் கீழ்விளிம்பில் நான்கைந்து ஆரஞ்சுப் புள்ளிகள், அல்லது கறுப்பு டி-சர்ட்டின் வயிற்றுப் பக்கம் செம்பழுப்பாக ஒரு திட்டு. கறை பட்டுவிட்டது என்று சோப்புப் போட்டுத் தேய்ப்போம், எலுமிச்சை பிழிவோம், இரவெல்லாம் ஊறவைப்போம். புள்ளி அசையாது. தேய்த்த தேய்ப்பில் சுற்றியுள்ள துணிதான் இன்னும் கொஞ்சம் நைந்திருக்கும்.

குழம்புக் கறையிலும் மைக் கறையிலும் துணிமேல் ஏதோ ஒரு பொருள் கூடுதலாக வந்து ஒட்டியிருக்கிறது. அதைக் கரைத்து எடுத்துவிட்டால் பழைய துணி கிடைத்துவிடும். பிளீச் பட்ட இடத்தில் எதுவும் ஒட்டவில்லை. அங்கே இருந்த சாயம் அழிந்துபோயிருக்கிறது. எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. திரும்ப வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. எதை வைப்பது, அது அங்கே தங்குமா, பக்கத்து நிறத்தோடு ஒத்துப்போகுமா என்பவைதான் நமக்கு முன்னால் உள்ள கேள்விகள். மூன்றுக்கும் வேதியியலில் விடை இருக்கிறது.

சாயத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? சாய மூலக்கூறில் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி நீண்ட தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். அந்தத் தொடர் முழுவதிலும் எலக்ட்ரான்கள் பரவிக் கிடக்கும். தொடர் போதிய அளவு நீளமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சாமல் விட்ட மிச்சம்தான் நம் கண்ணுக்கு நிறம். இன்று துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நின்று, மூலக்கூறின் இரு பாதிகளையும் இணைக்கும். பிளீச் அந்தத் தொடரை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. நூல் அறுந்த மாலையில் பூ அத்தனையும் இருக்கும், மாலை மட்டும் இருக்காது. அதுபோலச் சாய மூலக்கூறின் துண்டுகள் கிடக்கும், நிறம் இருக்காது. அந்தத் துண்டுகளும் அடுத்த அலசலில் தண்ணீரோடு போய்விடும். ஆகவே உடைந்ததைத் திரும்ப ஒட்டவைக்க வீட்டிலும் வழியில்லை, தொழிற்சாலையிலும் வழியில்லை.

இதே நிகழ்ச்சியைத் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறோம். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினில் அந்த இரட்டைப் பிணைப்புத் தொடர் வெயிலைத் தாங்குவதில்லை. ஆனால் அதே மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறுகிறதே, அது வேறு கதை. அங்கே தொடர் உடையவில்லை. காரத்தன்மையால் மூலக்கூறின் நிலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக அலசிக் காரம் போனால் மஞ்சள் திரும்பிவிடும். நிறம் மாறுவதும் நிறம் அழிவதும் ஒன்றில்லை என்பதால், துணியில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிப் பாருங்கள். திரும்பிவந்தால் அது பிளீச் இல்லை.

வீட்டில் புழங்கும் பிளீச் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட்டின் கரைசல். செறிவு பொதுவாக 3 முதல் 6 சதவீதம். மழை வெள்ளம் வடிந்ததும் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர் அதன் கால்சியம் உறவு. இரண்டுக்கும் மூலம் குளோரின். அதை 1774இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே முதன்முதலில் தயாரித்தார். அது துணியை வெளுக்கும் என்பதை 1780களில் பிரான்சின் பெர்தொல்லே தொழிலுக்குக் கொண்டுவந்தார். 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் அந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஐரோப்பாவில் லினன் துணியைப் புல்வெளியில் விரித்து, புளித்த மோரில் ஊறவைத்து, மாதக்கணக்கில் வெயிலை நம்பித்தான் வெளுத்தார்கள். நம் ஊரில் உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலும் அந்த வேலையைச் செய்தன. மாதங்கள் எடுத்த வேலையை நாட்களுக்குள் முடிக்கவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் இது. அதன் ஒரு துளி நம் நைட்டியின் நிறத்தை நிமிடங்களில் கொண்டுபோவதில் வியப்பில்லை.

கறுப்புத் துணி ஏன் வெள்ளையாகாமல் ஆரஞ்சாகிறது? பருத்திக்குப் போடும் கறுப்பு பெரும்பாலும் ஒற்றைச் சாயம் கிடையாது. கருநீலச் சாயத்தோடு ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்துத்தான் கறுப்பு என்ற தோற்றத்தைச் சாயப்பட்டறையில் உண்டாக்குகிறார்கள். பிளீச் பட்டதும் கருநீலம் முதலில் சரிகிறது, ஆரஞ்சு தாக்குப்பிடிக்கிறது. இன்னும் சிறிது நேரம் விட்டால் அதுவும் போய் வெளிர்மஞ்சளாகும். ஆக, அந்த ஆரஞ்சுப் புள்ளி பாதியில் நின்ற ஒரு வினை. திருத்துகிறவருக்கு இது நல்ல செய்தி. ஆரஞ்சு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, குறைவது நீலம். அதன்மேல் கறுப்புப் பேனாவால் தீட்டினால் பல நேரம் செம்மை கசிந்து தெரியும். முதலில் கருநீலம் தொட்டு, அது காய்ந்தபின் கறுப்பு தொட்டால் நன்றாகப் படியும்.

பிளீச் தெறித்ததை அந்த நொடியே பார்த்துவிட்டால் ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். நிறம் முழுக்கப் போகாமல் தப்பிக்க அதுவே முதல் வழி. கழுவிய பிறகும் நார்களுக்கு உள்ளே கொஞ்சம் ஹைப்போகுளோரைட் தங்கியிருக்கும். அது சாயத்தோடு நிற்காது, பருத்தியின் செல்லுலோஸையும் அரிக்கும். இன்று வெறும் புள்ளியாகத் தெரியும் இடம் சில மாதம் கழித்துத் துவைக்கும்போது ஓட்டையாக விழுவது இதனால்தான். திருத்தும் வேலையில் இறங்குமுன் புள்ளியின் இரு பக்கமும் விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்தால் சாயம் பூசிப் பயனில்லை. அந்த இடத்துக்குப் பின்னால் துணி வைத்துத் தைப்பதுதான் வழி.

தங்கிய பிளீச்சைச் செயலிழக்கச் செய்ய இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று சோடியம் தயோசல்பேட். இதைத்தான் பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்றார்கள். வண்ண மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கத் தொட்டியில் இடும் படிகமும் இதுதான். சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளிலும், எந்த ஊரிலும் மீன் தொட்டி விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். குடிநீர் மாதிரியைக் கிருமிச் சோதனைக்கு எடுக்கும் பாட்டிலில் இதை முன்கூட்டியே சிறிது இட்டிருப்பார்கள். வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். துப்புரவுப் பணியில் ஹைப்போ என்று சுருக்கிச் சொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட்டை, அதாவது பிளீச்சையே. தயோசல்பேட் என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி படிகம் கரைத்து, துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும்.

இரண்டாவது, மருந்துக் கடையின் ஹைட்ரஜன் பெராக்சைடு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் விட்டு 3 சதவீதமாக்கிக்கொள்ளலாம். பெராக்சைடும் வெளுக்கும் பொருள்தானே என்ற ஐயம் வரும். ஆனால் ஹைப்போகுளோரைட்டுக்கு எதிரில் நிற்கும்போது அது எலக்ட்ரானைக் கொடுக்கிற இடத்துக்கு மாறிவிடுகிறது. விளைவது உப்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் மட்டுமே. புள்ளியில் ஒரு துளி விட்டதும் நுரைத்தால் அங்கே பிளீச் மிச்சமிருக்கிறது என்று அறியலாம், நுரைப்பது நின்றால் தீர்ந்துவிட்டது. வேலையும் சோதனையும் ஒரே துளியில் முடிகிறது. இதே வினையைச் செறிவான கரைசல்களோடு ஆய்வகத்தில் இருட்டில் செய்தால், பிறக்கும் ஆக்சிஜன் மங்கலான சிவப்பு ஒளியை உமிழும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. வீட்டில் செய்து பார்க்கக் கூடாத காட்சியும்கூட.

வினிகரும் எலுமிச்சையும் பிளீச்சை முறித்துவிடும் என்று பலர் சொல்வார்கள். இதைக் கேட்காதீர்கள். பிளீச் திரவம் வலுவான காரத்தன்மையில் வைத்துத்தான் விற்கப்படுகிறது. அந்தக் காரம்தான் குளோரினைக் கரைசலுக்குள் கட்டிவைத்திருக்கிறது. அமிலம் சேர்த்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மானியப் படை போர்க்களத்தில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அடுத்த சில வாரங்களில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அவசரமாகக் கொடுத்த கறுப்புத் துணி முகமூடி எதில் நனைக்கப்பட்டது தெரியுமா? ஹைப்போவில், நாம் இப்போது பேசிய அதே தயோசல்பேட்டில். எலுமிச்சையின் ஒரு துளி யாரையும் கொல்லாது. ஆனால் நம் ஊர்க் கழிவறைகளில் பலரும் ஊற்றும் ஆசிட்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் திரவங்களும் பிளீச்சோடு சேர்ந்தால், சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் மூச்சு முட்டும் அளவுக்கு வாயு வரும். துணி கெட்டால் போகட்டும். அமிலத்தையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள்.

இனி நிறத்தைத் திரும்ப வைக்கும் வேலை. அதற்கு முன் துணி எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பாலியெஸ்டரில் பிளீச் புள்ளி விழுவது அரிது. அதன் சாயம் தண்ணீர் நுழையாத நாருக்குள் புதைந்திருப்பதால் ஹைப்போகுளோரைட் அதை எட்டுவதில்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த சட்டையில் புள்ளி அரைகுறை வெளிறலாக நிற்பதும் இதனால்தான். பருத்தி நூல் நிறமிழந்திருக்கும், பாலியெஸ்டர் நூல் அப்படியே இருக்கும்.

சின்னப் புள்ளிகளுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, புள்ளியைச் சுற்றியுள்ள நிறத்தை உள்நோக்கித் தேய்த்து இழுப்பது. சில துணிகளில் இது பலிக்கும், பலவற்றில் ஏமாற்றும். காரணம் சாயத்தின் வகை. 1954இல் மான்செஸ்டரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ராட்டீயும் ஸ்டீஃபனும் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டு நிற்கும் சாயங்களைக் கண்டுபிடித்தார்கள். 1956இல் அவை சந்தைக்கு வந்தன. ரியாக்டிவ் என்று திருப்பூரில் சொல்வது இந்த வகையை. ஒழுங்காகப் போட்ட ரியாக்டிவ் சாயம் ஸ்பிரிட்டுக்கு அசைந்துகொடுக்காது. முதல் சலவையில் தண்ணீரைக் கலங்கடிக்கும் மலிவான சாயம் அசையும். நல்ல துணியில் பலிக்காமல் மட்டமான துணியில் மட்டும் பலிக்கும் வைத்தியம் இது. ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள், அதற்கு மேல் துணியை வதைக்க வேண்டாம்.

அடுத்தது துணிக்கான மார்க்கர் பேனா, அல்லது துணிப் பெயின்ட். இவற்றில் பலவும் சாயமில்லை. நிறமித் துகள்களை ஒரு பிசின் நாரோடு ஒட்டவைக்கிறது. தண்ணீர் சேர்த்து நீர்க்கக் கரைத்து, புள்ளியின் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் அந்த இடம் அட்டைபோல விறைத்து, பூசியது தூரத்திலிருந்தே தெரியும். மெல்லிய பூச்சு, காயவிடுதல், மீண்டும் மெல்லிய பூச்சு. முழுக்க உலர்ந்தபின் உள்பக்கத்தில் இஸ்திரி போட்டால் சூட்டில் பிசின் இறுகும்.

இதில் உண்மையான சிரமம் நிறத்தைப் பொருத்துவது. மாலையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கலந்து, புள்ளியே தெரியாதபடி பூசி முடித்திருப்போம். காலையில் வெயிலில் போட்டால் அந்த இடம் ஊதாவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பூசியவர் கை சரியில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. நம் கண்ணில் நிறத்தை அறியும் கூம்பு செல்கள் மூன்றே வகை. வானவில்லின் அத்தனை அலைநீளங்களையும் மூளை அந்த மூன்று எண்களாகச் சுருக்கித்தான் வாங்கிக்கொள்கிறது. ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும் இரண்டு சாயங்கள், ஒரு விளக்கின் கீழே தற்செயலாக அதே மூன்று எண்களைத் தரலாம். விளக்கு மாறினால் எண்கள் பிரிந்துவிடும். சட்டையின் பழைய சாயமும் நம் பெயின்டும் வெவ்வேறு மூலக்கூறுகள் என்பதால் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. கருநீலம், சாம்பல், பாசிப்பச்சை போன்ற நிறங்களில் அதிகம். சேலைக் கடையில் நம் பெண்கள் சேலையை வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பதும், மேட்சிங் பிளவுஸ் துணிக்குச் சேலையையே கையோடு எடுத்துப்போவதும் இந்த அறிவியலைக் கைப்பழக்கமாக வைத்திருப்பதால்தான். அந்தக் கூர்மை எனக்கு எப்போதும் வியப்பூட்டும். பெயின்ட்டைக் கலக்கும்போதும் அதையே செய்யுங்கள்: பகல் வெளிச்சத்தில் கலந்து, உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் வெயிலிலும் விளக்கிலும் பாருங்கள். ஈரத்தில் எல்லா நிறமும் கருத்தே தெரியும்.

புள்ளிகள் நிறைய இருந்தால் துணி முழுவதையும் சாயத்தில் முக்கலாம். வெளிர்நீலச் சட்டையை அதே வெளிர்நீலத்தில் முக்கினால் புள்ளி மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாயம் இருக்கிற நிறத்தோடு கூடும். சுற்றுப்புறம் இன்னும் கருக்கும், புள்ளி ஒரு படி வெளிறலாகவே நிற்கும். கறுப்பு, கருநீலம், கரும்பழுப்பு போன்ற அடர்நிறம் மட்டுமே இந்த வித்தியாசத்தை விழுங்கும். மிச்ச நிறத்தையும் முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகச் சாயமிடுவதும் உண்டு. அதற்குச் சாயக்காரர்கள் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துவார்கள். கடும் நெடி அடிக்கும் வேலை அது, அவர்களிடமே விட்டுவிடலாம்.

பருத்தியை வீட்டில் ரியாக்டிவ் சாயத்தில் முக்குவது கடினமில்லை. குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்கினால் அடுப்பும் வேண்டாம். தண்ணீரில் சாயத்தைக் கரைத்து, கல்லுப்பை அள்ளிப் போட வேண்டும். நீரில் நனைந்த பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும்; உப்பு அந்த விலக்கத்தை மறைத்துச் சாயத்தை நாரிடம் சேர்க்கிறது. சிறிது நேரம் கழித்துச் சலவை சோடா. காரம் ஏறியதும்தான் செல்லுலோஸ் சாயத்தோடு பிணைப்புப் போடும். ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். கையுறை அவசியம். பொடியைக் கரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், இந்தச் சாயப் பொடிகள் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியவை. சமையல் பாத்திரம் கூடவே கூடாது. முடிந்தபின் தையல் நூல் மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று தெரியலாம். ஆயத்த ஆடைகளைத் தைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில், அதற்கு இந்தச் சாயம் ஏறாது.

மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். நாரில் பிடிக்காத சாயமும் போட்ட உப்பு அத்தனையும் அதில் இருக்கிறது. நொய்யல் ஆற்றுக்குக் கேடு நேர்ந்தது இதே தண்ணீரால்தான், பல லட்சம் மடங்கு அளவில். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அந்த ஆறு கொடுத்த விலையில் நம் சட்டையின் பங்கும் இருக்கிறது. ஒரு புள்ளி விழுந்ததும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதைவிட, இருக்கிற துணியை மீட்டு இன்னும் இரண்டு வருடம் உடுத்துவதே மேல் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

பட்டில் பிளீச் பட்டால் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். பட்டு புரதம், ஹைப்போகுளோரைட் சாயத்தோடு நாரையே தின்கிறது, இடம் மஞ்சளித்து நொறுங்கும். தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, சேலைகளைப் புதுப்பிக்கும் தேர்ந்த ஆளிடம் கொடுங்கள்.

நிறத்தை மறைக்க முடியாத பருத்தித் துணிக்கு இன்னொரு வழி மதுரையிலிருந்து கிடைக்கிறது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலையின் அழகே சாயம் ஏறாத புள்ளிகள்தான். மரபான முறையில் துணியை நுனிவிரலால் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. நாம் எதிர்த்திசையில் போகலாம். தற்செயலாக விழுந்த நான்கு புள்ளிகளோடு, திட்டமிட்டு இன்னும் நாற்பது வைப்பது. ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, தீக்குச்சியின் மருந்தில்லாத நுனியால் வரிசையாகத் தொட்டு வையுங்கள். இடையில் அட்டை கொடுத்தால் பின்பக்கத் துணி தப்பும். பழைய புள்ளியின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தித் தண்ணீரில் அலசி, உடனே தயோசல்பேட் கரைசலில் போடுங்கள். பெரிய திட்டுகளின் ஓரத்தில் சின்னப் புள்ளிகளை நெருக்கமாகவும், விலக விலக இடைவெளி விட்டும் வைத்தால் கண் அதை வடிவமாகவே எடுத்துக்கொள்ளும். எலாஸ்டிக் கலந்த துணியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அந்த இழுவை நூலைப் பிளீச் கெடுத்துவிடும்.

பிளீச்சே புழங்காத வீட்டிலும் தலையணை உறையிலும் துண்டிலும் இதே புள்ளிகள் தோன்றுவதுண்டு. முகப்பருவுக்கு இரவில் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைச் சந்தேகப்படுங்கள். அதுவும் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்தான், சாயத்தை அதே வழியில் உடைக்கும். அதைப் பூசுகிறவருக்கு வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் தனியாகக் கொடுத்துவிட்டால் போதும்.